மஞ்சள், சாதிக்காய், மருத்துவக் குணம்

மஞ்சளின் புகழெல்லாம் அதிலுள்ள குர்குமினுக்கே. மஞ்சள்தூளில் அது நூற்றுக்குச் சுமார் 3 பங்குதான்; அதையும் குடல் இலகுவில் உறிஞ்சாது. மிளகின் பைப்பரின் கூடச் சேர்ந்தால் உறிஞ்சும் அளவு ஏறும். இலங்கையின் கிழக்கில், வீரமுனையில் மீன்கறி, கல்முனையில் மீன் ஆணம். பெயர்தான் வேறு, மஞ்சள் இரண்டிலும் ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகை நோயையும் தீர்க்காது, ஆளையும் கெடுக்காது. கறியை மஞ்சளாக்கும், மீன் வெடிலை அடக்கும். அது போதாதென்று குளிசையாக விழுங்கியவர்களில் சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததை இத்தாலி 2019இல் பதிவுசெய்தது.

இலங்கை அரசு அதே காலத்தில் மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. 2020இல் கிலோ விலை ஆயிரங்களில் ஏறியது. கடற்படை கடலில் மஞ்சள் மூடைகளை மறித்தது. கடைத்தூளில் மா கலந்தது. நோய் எதிர்ப்புச் சக்திக்கு மஞ்சள் குடிக்கச் சொன்ன காலமும் அதுதான். குடித்தவர்களுக்குக் கிடைத்தது எவ்வளவு மஞ்சள், எவ்வளவு மா என்பது வியாபாரிக்கே வெளிச்சம்.

சாதிக்காய் கொஞ்சம் முரடு. புரியாணிக்குச் சுரண்டிப் போடும் அளவு வாசனை; சில தேக்கரண்டி போனால் அதிலுள்ள மிரிஸ்டிசின் தலைக்கேறி வாந்தி, படபடப்பு, மாயக் காட்சி. கொரோனாவைத் தடுக்குமென்று சொல்லப்பட்ட, தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணிக்கு 2020 டிசம்பரில் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள், இடைவெளி எதுவுமின்றி. அந்தப் பாணியைப் பகிரங்கமாக அருந்திய அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சிக்கு 2021 ஜனவரியில் கொரோனா உறுதியானது.