ராமபாணம்

1983-இல் போர்தோவில் நான் ஒயின் வாங்கியபோது அந்த ஒயின் இன்னும் பாட்டிலுக்குள்ளேயே போகவில்லை. அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், பீப்பாயில் இருக்கும்போதே பணம் கட்டிவிட வேண்டும். சரக்கு கைக்கு வர ஏறக்குறைய இரண்டு வருஷம். 'பிரிமேர்' என்பார்கள். புதுச்சேரியிலிருந்து வந்து நாலு வருஷம் ஆகியிருந்த எனக்கு, சினை மாட்டைக் காட்டி நெய்க்கு முன்பணம் கேட்கிற மாதிரி இருந்தது. "82 நல்ல வெயில் கண்ட வருஷம், விட்டுடாதே" என்றார் அலுவலகத்தில் ஒரு பெரியவர். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கரும் அதையேதான் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போய்யாக் ஊர் ஒயின், பன்னிரண்டு பாட்டில். 1855 தரப்பட்டியலில் ஐந்தாம் வகுப்பு. அதாவது கடைசி பெஞ்சு. அந்தப் பட்டியல் லேசில் அசையாது. மூத்தோன் என்ற ஷத்தோ, அதாவது ஒயின் பண்ணை, இரண்டாம் பெஞ்சிலிருந்து எழுந்து முதல் பெஞ்சில் லாஃபித், லாத்தூர் பக்கத்தில் போய் உட்கார 118 வருஷம் ஆனது.

அப்போது எங்களுக்குப் பொறுமை கிடையாது. மகள் பிறந்ததற்கு ஒன்று, வேலை நிரந்தரமானதற்கு ஒன்று, விருந்தாளி வந்த நேரம் வீட்டில் வேறொன்றும் இல்லாததற்கு ஒன்று. இளம் போய்யாக் கடுக்காயாய்த் துவர்க்கும். அந்தத் துவர்ப்பையே உயர்குடி ருசி என்று நம்பி, வஞ்சிர மீன் குழம்போடு பதினொன்றையும் தீர்த்தோம்.

மிஞ்சிய ஒன்றுக்குப் பிற்பாடுதான் மரியாதை வந்தது. 2008-இல் ஹாங்காங் ஒயின் வரியை எடுத்துவிட, ஏலத்தில் விலை எகிறியது. "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்ட நண்பர்கள் "இப்ப என்ன போகுது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் டார்ச்சோடு நிலவறைக்கு இறங்கி, ஒயின் மட்டம் பாட்டிலின் கழுத்தில் நிற்கிறதா, தோளுக்கு இறங்கிவிட்டதா என்று நாடி பார்த்து வந்தேன். போர்தோவிலேயே நிலைமை வேறு. சாதா ஒயினுக்கு ஆளில்லாமல், 2023-இல் ஹெக்டேருக்கு 6,000 யூரோ கொடுத்துத் திராட்சைக் கொடியைப் பிடுங்கச் சொன்னார்கள். குடிக்கிற ஒயின் விலை போகவில்லை, குடிக்காததுதான் போகிறது.

போன மாரியில் விற்றுவிடலாமென்று எடுத்தேன். லேபிளைக் காணோம். நிலவறை ஈரம் கார்க்குக்கு நல்லது, காகிதத்துக்கு எமன். ஈரத்தில் ஊறிய பசையைத் தேடி வந்த ராமபாணப் பூச்சி ஷத்தோவின் பெயர், ஊர், வருஷம் எல்லாவற்றையும் அரித்துவிட்டு, மூலையில் ஒரு '2' மட்டும் மிச்சம் வைத்திருந்தது. வியாபாரி உதட்டைப் பிதுக்கினார். பெயரும் வருஷமும் கார்க்கில் அச்சாகியிருக்கும். அதை எடுத்துக் காட்டத் திறக்க வேண்டும். திறந்தால் விற்க முடியாது.

"அப்பா, அப்ப குடிச்சிடலாமே" என்றாள் மகள்.

கார்க் பாதியில் நொறுங்கியது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் வண்டல் வராமல் வடித்தோம். பென்சில் சீவிய வாசனை, அதற்கடியில் உலர்ந்த அத்திப்பழம். துவர்ப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. மூன்று பேர், ஆளுக்கு இரண்டு சின்ன கிளாஸ். பேச்சில்லை.

"ஏங்க, அந்தப் பதினொண்ணும் இப்படித்தான் ஆகியிருக்குமா?" என்றாள் மனைவி. நான் வண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் ஃபோனில் எதையோ தேடினாள். "காலி பாட்டிலைக்கூட வாங்குறாங்கப்பா. ஆனா, லேபிள் இருக்கணுமாம்."