பழி ஓரிடம்

அறுபது முடிந்தால் நம் பக்கத்தில் திருக்கடையூருக்குப் போவது வழக்கம். ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் என் மகள் அதற்குள் முந்திக்கொண்டாள். "ஹோமப் புகையில உட்கார்ந்து கண்ணு எரியறதுக்குப் பதிலா இங்க வாங்கப்பா" என்று, சோபே ஆற்றில் ஒரு சொகுசுப் படகுவீட்டில் எனக்கும் அவள் அம்மாவுக்கும் மூன்று இரவு பதிவு செய்துவிட்டாள். எமனே உதை வாங்கிய ஊரை விட்டுவிட்டு இங்கே வந்து இறங்கினால், முதல் நாள் மாலையே ஆற்றுத் தீவு ஒன்றின் கரைப் புல்லில் இருநூறு முந்நூறு எருமைகள். ஒவ்வொன்றின் தலையிலும் இரும்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல் கொம்பு. எல்லாம் மேய்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தன. எமனுக்கு ஒரு வாகனம்தான் என்று நினைத்திருந்தேன். இது டெப்போ.

படகுவீடு என்றதும் எனக்கு ஆலப்புழைதான் நினைவில் இருந்தது. படகு நகரும், தென்னைமரம் நகரும், நாம் நகர வேண்டியதில்லை. இங்கே தலைகீழ். பெரிய படகு பெரும்பாலும் நமீபியக் கரையோரம் கட்டிப்போட்டபடியே கிடந்தது. நகர வேண்டியவர்கள் நாங்கள்தான். ஆகஸ்ட் மாதக் குளிரில் காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டி எழுப்பி, மடியில் ஒரு வெந்நீர்ப் பையைக் கொடுத்து, சின்னப் படகில் இறக்கிவிடுவார்கள். வேலையில் இருந்த காலத்தில்கூட நான் ஐந்தரைக்கு எழுந்ததில்லை. ஓய்வு பெற்றபின், அதுவும் பணம் கட்டி, மங்கி குல்லாவோடு எழுந்தேன். மேல்தளத்தில் நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அளவுக்கு ஒரு நீச்சல் குளம் உண்டு. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஆனால் முதலைகள் இருப்பதால் கால் நனைக்க அந்தத் தொட்டிதான்.

படகுக்கு வந்து சேர்ந்த கதையே ஒரு கதை. போட்ஸ்வானாவின் கசானே ஊரில் கடவுச்சீட்டில் 'வெளியேறினார்' முத்திரை. பிறகு மோட்டார் படகில் இம்பலீலா தீவுக்குப் போய் 'நுழைந்தார்' என்று நமீபிய முத்திரை. மறுநாள் ஜீப்பில் சோபே தேசியப் பூங்காவைப் பார்க்க வேண்டுமென்றால், பூங்கா அக்கரையில் போட்ஸ்வானாவில் இருக்கிறது. ஆகவே மறுபடி வெளியேறி, மறுபடி நுழைந்து, மாலையில் திரும்பவும் அதே கூத்து. நான்கு நாட்டு எல்லைகள் நெருங்கிவரும் இடம் அது. கைபேசிக்கே குழப்பம். உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு ஜாம்பியா நல்வரவு சொன்னது. ஐந்து நிமிடத்தில் ஜிம்பாப்வேயும் சொன்னது. அந்த நேரத்தில் ஒரு யானைக்கூட்டம் முத்திரை ஏதுமின்றி நாடு விட்டு நாடு நீந்திக்கொண்டிருந்தது. தும்பிக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே. நடுவில் ஒரு குட்டி, முன்னும் பின்னும் பெரியவர்கள். என் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். குட்டி கரையேறிய பிறகுதான் விட்டாள்.

போட்ஸ்வானாவில் மட்டும் சுமார் 1,30,000 யானைகள். கோயில் வாசலில் ஒரு ரூபாய் கொடுத்துத் தும்பிக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு பழகியவன் நான். இவற்றிடம் அந்தப் பேச்சே இல்லை. காது முறம் அல்ல, முற்றம். ஆணுக்கும் தந்தம், பெண்ணுக்கும் தந்தம்.

இந்த எல்லைக் கூத்துக்கு மூலகாரணம் ஜெர்மானிய சான்சலர் கப்ரிவி. 1890இல் ஆங்கிலேயரோடு செய்த ஒப்பந்தத்தில் இன்றைய நமீபியாவுக்கு வால்போல நீண்ட ஒரு துண்டு நிலத்தை ஜெர்மனிக்காக வாங்கினார். அதன் வழியே ஜாம்பெசி ஆற்றைப் பிடித்தால் இந்தியப் பெருங்கடல் வரை படகிலேயே போய்விடலாம் என்று கணக்காம். வழியில் நூறு மீட்டருக்கு மேல் உயரமுள்ள விக்டோரியா அருவி இருக்கிறது. நேரில் போய்ப் பார்க்காமல் மனை வாங்கியவர்களை நான் எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். இவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை.

அதே ஒப்பந்தத்தால்தான், முதல் நாள் எருமைகள் நின்ற செடுடு என்ற அந்தத் தீவுக்காகவும் சண்டை வந்தது. ஆற்றின் 'பிரதான வாய்க்கால்' எல்லை என்று எழுதிவைத்தார்கள். தீவுக்கு வடக்கே ஓடுவது பிரதானமா, தெற்கே ஓடுவது பிரதானமா? சரியான வாய்க்கால் தகராறு. 1996இல் போட்ஸ்வானாவும் நமீபியாவும் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்துக்கே போய்விட்டன. தண்ணீரின் ஆழம், அகலம் எல்லாம் அலசிப் பார்த்து 1999 டிசம்பரில் தீர்ப்பு: தீவு போட்ஸ்வானாவுக்கு. வெள்ளம் வந்தால் பெருமளவு முழுகிப்போகும் தீவு! தீர்ப்பு நகல் கிடைக்காத எருமைகள் பழையபடியே மேய்கின்றன.

மூன்றே வருடத்தில் தீர்ப்பு. என் மீது முப்பத்திரண்டு வருடமாக ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. நான் குறட்டை விடுகிறேன் என்பது மனைவியின் குற்றச்சாட்டு. இல்லை என்பது என் வாதம். சம்பவ நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பதால் என் தரப்பில் சாட்சி கிடையாது.

முதல் நாள் பொழுது சாயும்போது படகுக்குப் பக்கத்தில் நீர்யானைகள் குரல் கொடுத்தன. முதலில் ஒரு நீண்ட இழுப்பு. பிறகு ஹும், ஹும், ஹும் என்று படிப்படியாக இறங்கும் உறுமல். மேசை மேல் கரண்டி அதிர்ந்ததுபோல் எனக்குத் தோன்றியது. ஒன்றரை டன் உடம்பிலிருந்து வரும் சத்தம் அல்லவா? ராத்திரி இரண்டு மணிக்கு விலாவில் வழக்கமான முழங்கை விழுந்தது.

"ஏங்க, திரும்பிப் படுங்க."

"நான் இல்லம்மா" என்றேன். "நீர்யானை."

இருட்டில் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "பாவங்க, உங்களைப் போய்..." என்றாள். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் சலுகை! அடுத்த இரண்டு இரவும் அதேதான். மகள் கொடுத்த சொகுசு என்ன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சைவம் என்று சொன்ன குற்றத்துக்காக பட்டர்நட் சூப் வந்துகொண்டே இருந்தது. நம் பரங்கிக்காய்க்கு ஒன்றுவிட்ட தம்பி அது. 'பாப்' என்கிற மக்காச்சோளக் களியில் மனைவி கொண்டுவந்த பருப்புப்பொடியைத் தூவிச் சாப்பிட்டோம். சமையல்காரர் எட்டி நின்று பார்த்துவிட்டு, பொடியை முகர்ந்து, ஒரு சின்ன டப்பா வாங்கிக்கொண்டார்.

எங்கள் வழிகாட்டிப் பையன் தங்கமானவன். செட்ஸ்வானா மொழியில் ஆண்களை மரியாதையாக 'ர்ரா' என்றும் பெண்களை 'ம்மா' என்றும் அழைப்பார்கள். "துமேலா, ம்மா" என்று அவன் காலை வணக்கம் சொன்னதிலிருந்து என் மனைவிக்கு அவன் தத்துப்பிள்ளை. பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவள் அவள். எதைப் பார்த்தாலும் எடை எவ்வளவு, என்ன தின்னும், எப்போது தூங்கும் என்று கேட்டுச் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வாள்.

கடைசி நாள் காலை. மூட்டை கட்டியாகிவிட்டது. கசானே திரும்பும் படகில், தண்ணீரில் காதும் கண்ணும் மட்டும் தெரிய நாலைந்து நீர்யானைகள். மனைவி நோட்டைத் திறந்தாள்.

"இதுங்க என்ன சாப்பிடும்?"

"குபுவா? புல்தான், ம்மா. ஒரு ராத்திரியில நாற்பது கிலோ வரைக்கும்."

"ராத்திரியிலயா?"

"பகல் முழுக்க வெயிலுக்குப் பயந்து தண்ணிக்குள்ளே கிடக்கும். இருட்டினதும் கரையேறிப் புல்லைத் தேடிப் போயிடும். விடியறதுக்குள்ளே ஆத்துக்குத் திரும்பும்."

"அப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு?"

"எங்கயாவது தூரத்துல மேஞ்சுகிட்டிருக்கும், ம்மா. வாய் நிறையப் புல்லு. சத்தம் எங்கே போடப்போகுது?"

அவள் எல்லாவற்றையும் நிதானமாக எழுதினாள். 'இரவு 2 மணி' என்பதன் அடியில் இரண்டு கோடு இழுத்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். பைனாகுலரை எடுத்து, ஒன்றுமே இல்லாத நமீபியா பக்கமாக மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன்.