தம்பியின் அரைச் சுண்டு

ஒன்பது வயதில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் ஈர்க்கு. விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி என் கையோடு சேர்த்துப் பிடித்து, எது தடிப்பு என்று பார்ப்பார்கள். அது 1974. அம்மா என்னைப் பத்திரகாளி அம்பாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் வாசலில் நிறுத்தி, "இவளின்ர எலும்புக்கு மேல கொஞ்சம் சதையை வை தாயே" என்று நேர்த்தி வைத்தார். நாற்பது வருடம் கழித்து, 96 கிலோ உடம்போடு அதே வாசலில் மூச்சு வாங்க நின்று, வைத்த சதையில் கொஞ்சத்தை எடுத்துக்கொள் என்று நான் கேட்டேன். கேட்கும்போது அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற அம்மாவின் கை அன்றைய என் கையைப் போல ஈர்க்காக இருந்தது.

அந்த 1973, 74ஆம் ஆண்டுகளைத் திருகோணமலையில் வாழ்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். பங்கீட்டு அரிசி குறைந்துபோனது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அரிசி கொண்டுபோனால் வழியில் மறித்துப் பறித்தார்கள். சாப்பாட்டுக் கடைகளில் வாரத்தில் சில நாள் சோறு விற்கத் தடை இருந்தது. பாணுக்கு விடிய முன்னமே வரிசை. மரவள்ளிக்கிழங்கைக் காலையில் அவித்தும் இரவில் கறியாகவும் தின்றோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். முழுநாளும் சாமான் சுமந்த தோளோடு வந்து, தன் பங்கில் பாதியை என் கோப்பைக்குத் தள்ளுவார். மெலிந்த பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் திரிபோஷா மாவைக் கொடுக்கத் தொடங்கியதும் 1973இல்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த மெலிவுக்காக ஒருவரும் என்னைக் கோபித்ததில்லை. பெயர் வைத்துச் சிரித்த பிள்ளைகளின் தாய்மாரே என்னைக் கண்டால் கூப்பிட்டு, மீன் பொரித்த சட்டியில் சோற்றைப் பிரட்டி வாயில் வைப்பார்கள். உட்துறைமுக வீதிப் பக்கத்தில் எந்த வீட்டுக் குசினிக்குள்ளும் நான் போகலாம். பிள்ளை பாவம், பஞ்சம் அப்படி என்பார்கள். என் உடம்பைப் பார்த்தவர்கள் காலத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

1980இல் சீனன்குடாவில் பிறீமா மா ஆலை தொடங்கியது. கோதுமைக் கப்பல்கள் துறைமுகத்துக்குள் நேரே வந்து ஆலையின் இறங்குதுறையில் கட்டின. அப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்தது. புருவமெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருவார். ரொட்டி, புட்டு, இடியப்பம், மூன்று நேரமும் வயிறு நிறைந்தது. கோதுமை மாதான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது பலர் சொல்கிறார்கள். சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசும்போது அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அதைத் தின்று வளர்ந்த பிறகும் 1988இல் எனக்குக் கலியாணம் நடந்தபோது 41 கிலோதான் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார், "பொம்பிளை காத்துக்குப் பறந்திடும்" என்றார்கள். என் உடம்பைக் கூட்டியது வேறொன்று.

எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடிந்தும் தாய்வீட்டில்தான் இருந்தேன். அப்பா, அம்மா, நான், என்னவர், தம்பி. ஆளுக்கு அரைச் சுண்டு அரிசி. அம்மா ஒவ்வொரு நாளும் இரண்டரைச் சுண்டு அளந்து உலையில் போடுவார்.

1990 ஜூனில் மறுபடியும் சண்டை தொடங்கியது. வீட்டை விட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் போய் இருந்தோம். ஜூலையில் ஒருநாள் காலை, கொஞ்சம் அமைதியாக இருக்கிறது என்று, தம்பி பாண் வாங்கப் போனான். பத்தொன்பது வயது. "இரண்டு றாத்தல் வாங்கிறன், அக்கா. நீ பசி தாங்கமாட்டாய்" என்றான். எனக்கு அப்போது நான்கு மாதம். அவன் திரும்பி வரவில்லை. எந்தச் சந்தியில், யார் மறித்தார்கள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அம்மா இரண்டரைச் சுண்டுதான் அளந்தார். இரவில் தம்பியின் கோப்பையில் சோறு போட்டு, கறி விட்டு, இன்னொரு கோப்பையால் மூடி வைப்பார். நேரம் பிந்தி வந்தாலும் அவன் பசியோடு படுக்கக்கூடாது. முதல் கிழமை அந்தச் சோற்றைக் காலையில் நாய்க்குப் போட்டேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை. அடுத்த இரவு எல்லாரும் படுத்த பிறகு எழும்பிப்போய், இருட்டில் இருந்து அதை நான் சாப்பிட்டேன். காலையில் கோப்பை வெறுமையாக இருந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். முகத்தில் ஏதோ கொஞ்சம் இளகியிருந்தது.

அப்படி எத்தனை வருடம் என்று எண்ணினால், மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், பெரியபிள்ளையாகும் வரைக்கும். பசித்துச் சாப்பிட்டேனா, சாப்பிட்டுப் பசித்தேனா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோப்பை முடிகிற வரைக்கும் நெஞ்சுக்குள் ஒரு சத்தம் அடங்கும். முடிந்ததும் திரும்பக் கேட்கும். பிறகு றஸ்க், பிறகு சீனி போட்ட பால்ரீ. 2003இல் 84 கிலோ. "நல்லாய் உடம்பு வைச்சிட்டாய், சந்தோசம்போல" என்று கலியாணவீடுகளில் சொல்வார்கள். அதே வீட்டில், அதே உலைச் சோற்றைச் சாப்பிட்டு அம்மா உருகிக்கொண்டு போனார். மெலிந்த அம்மாவைக் கண்டவர்கள், மகனை நினைத்து உருகுகிறா என்றார்கள். தடித்த என்னைக் கண்டவர்களுக்கு அந்த நினைப்பு வரவில்லை. ஒரே இழவு, இரண்டு உடம்பு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். சோதனைச் சாவடிகளில் இளம்பெண்களை இறக்கி நிறுத்திப் பார்க்கிற பார்வை அந்த நாட்களில் எப்படி இருந்தது என்பது நின்றவர்களுக்குத் தெரியும். நான் தடித்த பிறகு அந்தப் பார்வை என் மேல் நிற்கவில்லை. தலையை அசைத்துப் போ என்று விட்டார்கள். என் சதைக்குள் நான் ஒளிந்திருந்தேன் என்பதை அப்போது உணரவில்லை.

பல வருடம் கழித்து அமெரிக்க மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டியைப் பற்றி வாசித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் டச்சுக்குடாக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1980களில் சான் டியேகோவில் அவர் நடத்திய எடைகுறைப்புத் திட்டத்தில், நன்றாக மெலிந்துகொண்டு வந்தவர்களே பாதியில் விட்டுப் போனார்கள். ஏன் என்று ஒவ்வொருவராக இருத்திக் கேட்டார். அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். ஒரு பெண் மிகவும் மெலிந்த பிறகு, வேலையிடத்தில் ஒருவன் அவளைத் தவறான எண்ணத்தோடு நெருங்கியதும், சில கிழமைகளில் மளமளவென்று மறுபடியும் தடித்தாள். உடம்பு அவர்களுக்கு மதிலாக இருந்திருக்கிறது. மதிலை இடி என்று சொல்கிறவர், வெளியில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் கேட்கவேண்டும். அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்ததுதான், பிள்ளைப் பருவத் துயரங்கள் பெரியவர்களான பின் வரும் நோய்களோடு எப்படித் தொடர்புபடுகின்றன என்று காட்டிய 1998ஆம் ஆண்டின் பெரிய ஆய்வு.

என்னிடம் அந்தக் கேள்வி வர வெகுநாளாயிற்று. முதலில் போன கிளினிக்கில், தராசில் ஏற்றி, வரிசை முழுவதற்கும் கேட்கிற குரலில் "தொண்ணூற்றாறு" என்றார்கள். "வாயைக் கட்டுங்கோ அம்மா" என்றார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்து, வரும் வழியில் இரண்டு ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த மாதம் போகவில்லை. சீனி கூடியது, பிரஷர் கூடியது, நித்திரை போனது. இரவில் நெஞ்சு படபடக்க எழும்பி உட்கார்ந்திருப்பேன். அதற்கு வேறோர் இடத்தில் குளிசை தந்தார்கள். அது பசியையும் எடையையும் கூட்டக்கூடிய மருந்து என்பதை யாரும் சொல்லவில்லை.

2015இல் ஓர் இளம் மருத்துவரம்மா என் கொப்பியைப் புரட்டிவிட்டு, தராசைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, "எப்ப இருந்து அம்மா இப்பிடி வெயிட் கூடத் தொடங்கினது?" என்று கேட்டார். மகள் பிறந்த பிறகு என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது "தம்பி பாண் வாங்கப் போன பிறகு" என்பது. இருபத்தைந்து வருடத்தில் அந்த வசனத்தை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அவர் பேனையை வைத்துவிட்டு இருந்தார். வெளியில் வரிசை இருந்தது. இருந்தும் அவர் அவசரப்படவில்லை.

அவர் சொன்ன விளக்கத்தை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். 2010இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 15 ஆய்வுகளை, ஏறக்குறைய 58,000 பேருடைய விபரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். உடற்பருமன் உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 55 வீதம் கூட. மனச்சோர்வு உள்ளவர்கள் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பும் 58 வீதம் கூட. இரண்டு பக்கமும் இழுக்கிற கயிறு. ஓயாத பயமும் கவலையும் உடம்பில் கோர்ட்டிசோல் என்ற சுரப்பைக் கூட்டி, இனிப்பையும் கொழுப்பையும் தேடவைத்து, வயிற்றைச் சுற்றிச் சதையைச் சேர்க்கும். நித்திரை குறைந்தால் பசி கூடும். பிறகு அந்த உடம்பைப் பார்த்து ஊர் சொல்லும் சொல் மனதை இன்னும் கீழே தள்ளும். எங்களைப் போன்ற ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே சீனி வருத்தம், இதய நோய் பற்றிய கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் சொன்னார்கள். என் ஐந்தடி இரண்டங்குல உயரத்துக்கு அது ஏறக்குறைய 57 கிலோ. எனவே குறைக்கத்தான் வேண்டும், அதை அந்த மருத்துவரம்மா மறைக்கவில்லை. குளிசையை மாற்றினார். மாதம் ஒருமுறை வந்து பேசச் சொன்னார், கதைக்கிற அறைக்குள் தராசு இருக்கவில்லை. இப்படிப் போய்ப் பேசமுடியாத ஊரில் இருப்பவர்களுக்கு, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இரவு பகல் எந்நேரமும் இருக்கிறது. தமிழில் பேசலாம். வெட்கப்படாமல் எடுங்கள் என்று நான் காண்கிற பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வருடத்தில் 81க்கு இறங்கினேன். 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரத்தில் இருந்து போராடத் தொடங்கியபோது, தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் போய் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அங்கே வந்த பெண்களைப் பார்த்தேன். பாதிப் பேர் அம்மாவைப் போல வற்றியவர்கள், பாதிப் பேர் என்னைப் போல வீங்கியவர்கள். மத்தியானம் சாப்பாட்டுப் பொதி வந்தபோது, முதலாமவர்கள் அவிழ்க்கவேயில்லை. மற்றவர்கள் வேகமாகச் சாப்பிட்டு முடித்தார்கள். அம்மா தன் பொதியை என் பக்கம் தள்ளினார், "நீ பசி தாங்கமாட்டாய்" என்று. அப்பா தன் கோப்பையிலிருந்து தள்ளிய அதே தள்ளல். 2019இல் அம்மா போய்விட்டார்.

2022இல் பாணுக்கும் காஸுக்கும் மறுபடியும் வரிசை வந்தது. அப்போது என் வீட்டில் இருந்தது நானும் என்னவரும் மட்டும். வயிறு நிறையச் சாப்பாடு இருந்தது, மகள் கனடாவிலிருந்து காசு அனுப்பினாள். ஆனாலும் நான் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் றஸ்க் பைக்கற்றுகளை ஒளித்து வைத்தேன். என்னவர் சேலை எடுக்கப்போய் அதைக் கண்டு ஒன்றும் பேசாமல் மூடிவிட்டார். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944, 45இல் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்த ஆய்வொன்று உண்டு. ஐரோப்பாவில் போரால் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காகச் செய்தது. நல்ல மனநலத்தோடு போன அந்த இளைஞர்கள் சோர்ந்தார்கள், சாப்பாட்டையே கனவு கண்டார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். திரும்பச் சாப்பிடக் கிடைத்தபோது சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டும் அடங்கவில்லை. ஆறு மாதத்துக்கே அப்படி. 1974இன் வரிசையில் நின்ற உடம்பு 2022இல் அடுத்த வரிசையைக் கண்டவுடன் எதை நினைக்கும்? அந்த வருடம் ஏழு கிலோ கூடியது. இம்முறை நான் என்னைத் திட்டவில்லை, மருத்துவரம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

இப்போது 83. காலையில் கடற்கரையால் நடந்து, கோட்டை வாசல்வரை போய் வருகிறேன். கோட்டை மான்கள் சில வேளை தெருவுக்கே வந்து நிற்கும். மகள் இரவில் அழைத்து, "அம்மா, நடந்தனீங்களா?" என்று கேட்பாள். அதற்கு முன் "என்ன மாதிரி, நித்திரை வருதா?" என்று கேட்கப் பழகியிருக்கிறாள்.

தம்பியின் கோப்பை இப்போதும் தட்டில் இருக்கிறது, கவிழ்த்தபடி. நேற்றுக் காலை அரிசிப் பானைக்குள் சுண்டை விட்டு ஒன்று அளந்தேன். அது எங்கள் இருவருக்கும் போதும். பிறகு கை தானாக இன்னொரு அரைச் சுண்டை அள்ளியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அதைத் திருப்பிப் பானைக்குள் கொட்டினேன், ஒரு மணியும் கீழே சிந்தாமல்.