சுவர்த்தலைச் சந்து: ஓர் உரிமையியல் ஆராய்ச்சி

ஓட்டு வீட்டில் சுவர் முடிகிற இடத்தில் கூரை தொடங்கிவிடுவதில்லை. நடுவே சுமார் நான்கு அங்குல உயரத்தில் ஒரு சந்து உண்டு. வீட்டுப் பத்திரம் எழுதுவோர் கிழக்கே யார் கொல்லை, மேற்கே எந்த வாய்க்கால் என்று நான்கெல்லையையும் விடாமல் எழுதுவர். தலைக்கு மேலே ஓடும் இந்தச் சந்து யாருக்குச் சொந்தம் என்பதில் மட்டும் பத்திர எழுத்தர்கள் வாய் திறப்பதில்லை. அந்தக் குறையை நீக்க முயல்வதே இக்கட்டுரை.

முதலில் உடற்கூறு. சுவரின் தலைமேல் உத்திரம் கிடக்கும். உத்திரத்தின் மேல் கைமரங்கள் வரிசையாக வந்து அமரும். கைமரங்களுக்குக் குறுக்கே ரீப்பர், ரீப்பர் மேல் ஓடு. ஒரு கைமரத்துக்கும் அடுத்த கைமரத்துக்கும் நடுவே, கைமரத்தின் கனத்துக்குத் திறந்து கிடப்பதுதான் நம் ஆய்வுப் பொருள். இதை ஏன் அடைக்கவில்லை என்று கொத்தனாரைக் கேட்டால், "சுவரோட நம்ம சோலி முடிஞ்சுது. மேல ஆசாரி பாடு" என்பார். ஆசாரியைக் கேட்டால், "மண்ணு பூசறது நம்ம வேலையாங்க?" என்பார். ஆகவே, இச்சந்து பிறந்தது கட்டடக் கலை நுட்பத்தால் அன்று, கூலி முறையால் என்பது எம் துணிபு.

இதை மறுப்போர் பலர். அவர்களுள் குரல் பெருத்தது காற்றுக் கட்சி. 'முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்லர்' என்பது அதன் முதல் சூத்திரம். வாட்ஸ்அப் அதன் பரவுமுறை. அதன் இயற்பியலில் பிழையில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெயிலில் ஓடு காய, அதன்கீழ் சூடேறிய காற்று மோட்டுக்கு எழும்பி, ஓடும் ஓடும் சேரும் இடுக்குகள் வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்பத் தாழ்வாரத்து நிழற்காற்று இச்சந்து வழியே உள்ளே வரும். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் ஓடுகள், ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் சாதி. நாட்டு ஓட்டைப் போல உடம்பெல்லாம் மூச்சுவிடாது. மங்களூர் ஓடு வந்த வீடுகளில் சந்தின் வேலைப்பளு கூடியிருக்க வேண்டும். கூலி உயர்வு கேட்டதாகத் தகவலில்லை.

இவ்விடத்தில் அமெரிக்கரையும் ஒரு வார்த்தை விசாரிப்பது ஆய்வு மரபு. அங்கே பரணுக்குக் காற்று விடக் கணக்கே உண்டு: பரண் தரைப்பரப்பில் 150இல் ஒரு பங்கு திறப்பு, சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் 300இல் ஒரு பங்கு போதும். இந்த 300, 1942இல் அந்நாட்டு வீட்டுக்கடன் துறையின் விதிகளில் ஏறி உட்கார்ந்தது. எந்தச் சோதனையைச் செய்து இந்த எண்ணுக்கு வந்தார்கள் என்று வில்லியம் ரோஸ் என்ற ஆய்வாளர் தோண்டிப் பார்த்தபோது, அடியில் வலுவாக ஒன்றும் அகப்படவில்லை. முதலில் ஓட்டை, பிறகு காரணம் என்ற எம் கொள்கைக்கு அயல்நாட்டுச் சான்று இது. இருபதுக்கு முப்பது அடி ஓட்டு வீட்டை அவர்களின் 150 கணக்கில் போட்டால் நான்கு சதுர அடி திறப்பு வேண்டும். நம் சந்து இரு நீளப் பக்கங்களிலும் சேர்த்து இருபது சதுர அடி. கைமரத்துக்குக் கழித்தாலும் நான்கு மடங்குக்குக் குறையாது. ஆனால் அவர்கள் பரணுக்கும் வீட்டுக்கும் நடுவே உட்கூரை உண்டு. நாமோ பரணுக்குள்ளேயே குடியிருக்கிறோம்.

சந்தை அடைக்கச் சொல்லும் கொசுக் கட்சியின் வாதத்தில் நகைப்பதற்கு இடமில்லை. ஆப்பிரிக்காவில் மலேரியா பரப்பும் அனாபிலஸ் காம்பியே என்ற கொசு, சுவரில் முட்டினால் திரும்பிப் போகாது. சுவரோடு மேலேறிச் சந்து வழியே உள்ளே நுழையும். அதனால் ஐவரி கோஸ்ட்டில் சந்தை அடைத்து, பூச்சிமருந்து தடவிய வலைக்குழாய்களை அங்கே பொருத்தி, ஜன்னலுக்கும் வலையடித்துப் பார்த்தார்கள். குழந்தைகளிடையே மலேரியா 38 விழுக்காடு குறைந்ததாக 2021இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. காற்றுக் கட்சியினர் இதைப் படிக்கவும்.

அனுபவ பாத்தியதை என்று பார்த்தால் சந்து சிட்டுக்குருவிக்கும் அணிலுக்கும் உரியது. இரவு வாடகை மரநாயுடையது. பல்லியின் நிலை வேறு. அதற்கு எழுத்துபூர்வமான ஆதாரமே இருக்கிறது. தலையில் விழுந்தால் என்ன, இடத்தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கம் ஆண்டுதோறும் அட்டவணை போடுகிறது. அணில் விழும் பலன் ஏன் இல்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

மனிதர் தரப்பு உரிமை, சொருகுவதால் வருவது. எரவாணம் எனப்படும் இச்சந்தில் கதிர் அரிவாள், பனையோலை விசிறி, மின்கட்டண அட்டை, தாத்தா மூன்றாம் முறை தேடும் மூக்குக்கண்ணாடி எல்லாம் இருக்கும். அலமாரியில் வைத்த பொருளைத்தான் வீட்டில் தேடுவார்கள். எரவாணத்தில் சொருகியதைக் கை தானே எடுத்துவிடும்.

உரிமைச் சிக்கலின் உச்சம் பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்கிறார்கள். உத்திரம் மட்டம் வந்ததும் கொத்தனார் வழக்கப்படி கரண்டியைக் கழுவிவிடுகிறார். அதற்கு மேல் கூரை ஒன்று, காற்று ஒன்று. பேச்சுவார்த்தை நின்றுபோன இரு குடும்பங்களுக்கும், அடுத்த வீட்டில் இன்று கருவாட்டுக் குழம்பு என்பது தாளிப்பிலேயே தெரிந்துவிடும். மருமகள் முணுமுணுத்ததும் மகன் பரீட்சையில் தவறியதும் அதே வழியில் போய்ச் சேரும். "அவுங்க வீட்டு விஷயம் நமக்கெதுக்கு?" என்று மாமியார் குரலைத் தாழ்த்துவது சந்தைப் பார்த்துத்தான். இந்தப் போக்குவரத்தை எந்த அமெரிக்க விதியும் சதுர அடியில் அளந்ததில்லை.

ஓடு மாற்றுகிறவர் ஐப்பசிக்கு முன் வந்தால், நடுச்சுவருக்கு மேலே உள்ள வரிசைக்கு யார் கூலி தருவது என்ற வழக்கு எழுகிறது. இரு தரப்பும் அவ்வரிசை தமதல்ல என்கின்றன. அவர் இரண்டு வீட்டிலும் தனித்தனியே முழுக்கூலி வாங்கிக்கொண்டு இறங்குகிறார். சந்து குறித்துத் தெளிவான நிலைப்பாடு உள்ளவராக இவ்வாய்வில் தென்பட்டவர் அவர் ஒருவரே.