725 கிலோவும் ஒரு டப்பா தோசை மாவும்

நிலைப்படியில் உட்காரக் கூடாது என்பது எங்கள் பாட்டி போட்ட சட்டம். "நரசிம்மர் இரணியனை மடியில போட்டுக் கிழிச்ச எடம்டா அது, எந்திரி" என்று விரட்டுவாள். 54 வயதில் நான் வாங்கியிருக்கும் காருக்குள் போக, நிலைப்படியில் உட்காருவதைத் தவிர வேறு வழி கிடையாது. கதவைத் திறந்தால் முழங்கால் உயரத்தில், சாண் அகலத்தில் ஒரு திண்டு வழிமறிக்கிறது. முதலில் இடது காலை ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைக்க வேண்டும். பிறகு திண்டில் உட்கார்ந்து, கிணற்றில் இறங்குகிறவன் மாதிரி சீட்டுக்குள் வழுக்க வேண்டும். கடைசியாக, வெளியே அநாதையாக நிற்கும் வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். ஏறுவதற்காவது இப்படி ஒரு வரிசை உண்டு. இறங்குவதற்கு எந்தச் சாஸ்திரமும் இல்லை. முதல் வாரம் கடை வாசலில் நான் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தன் கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு எனக்குக் கைகொடுக்க வந்தாள்.

கார், லோட்டஸ் எலீஸ். 1998ஆம் வருடத்து வண்டி. லண்டன் வந்து இருபத்தாறு வருடங்களாக நான் ஓட்டியதெல்லாம் ஏழு சீட் வண்டிகள். ஹாரோவிலிருந்து ஈஸ்ட்ஹாமுக்குக் கல்யாணத்துக்குப் போக, ஊரிலிருந்து வருகிறவர்களை விமான நிலையத்திலிருந்து அள்ளி வர, அதுதான் தோது. இப்போது பிள்ளைகள் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். காலியான ஐந்து சீட்டை எதற்கு ஊரெல்லாம் இழுத்துக்கொண்டு திரிய வேண்டும் என்பது என் வாதம்.

"மொத்தமே 725 கிலோதான், தெரியுமா?" என்றேன்.

"டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னது உங்களைங்க. காரை இல்ல" என்றாள் மனைவி.

நம்மூர் மாருதி 800 இருக்கிறதே, அதைவிட ஒரு மூட்டை அரிசி கூடுதல், அவ்வளவுதான். ஆனால் எஞ்சின் 118 குதிரை, மாருதியைப் போல மூன்று மடங்கு. லோட்டஸைத் தொடங்கிய காலின் சாப்மனுக்கு எடை என்றாலே ஆகாது. குதிரையைக் கூட்டினால் நேர் ரோட்டில்தான் லாபம், கனத்தைக் குறைத்தால் வளைவு, பிரேக், எல்லாவற்றிலும் லாபம் என்பது அவர் கட்சி. அவர் 1982இல் போய்விட்டார். எலீஸ் 1996இல்தான் விற்பனைக்கு வந்தது. ஆனாலும் அவர் ஆவி உள்ளே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு திருகாணிக்கும் கணக்குக் கேட்டிருக்கும் போல. பவர் ஸ்டியரிங் கிடையாது. ஜன்னல் கண்ணாடியைக் கையால்தான் சுற்ற வேண்டும். வைப்பர் ஒன்றே ஒன்று. கூரை என்பது துணியும் சில கம்பிகளும். மழை வந்தால் நாமே கூடாரம் அடித்துக்கொள்ள வேண்டியது. அடிச்சட்டம் அலுமினியத் துண்டுகளை எபாக்ஸிப் பசையால் ஒட்டிச் செய்தது. அதன் எடை 68 கிலோ. நான் 84.

பசை விஷயத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. "ஒட்டின வண்டிலயெல்லாம் நான் ஏற மாட்டேன்" என்று அன்றே பகிஷ்காரம் அறிவிக்கப்பட்டது.

அதனால் நார்ஃபோக் போய் வண்டியை எடுத்து வந்தது நான் தனியாக. லோட்டஸ் தொழிற்சாலை அங்கே ஹெத்தெலில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் நின்ற மைதானம் அது. 100 மைலுக்கு மேல் திரும்பி வர வேண்டும். எம்11 நெடுஞ்சாலையில் ஒரு லாரி பக்கத்தில் வந்தது. லாரி என்று யூகம்தான். எனக்குத் தெரிந்தது சக்கரத்தின் நட்டுகள். காரின் கூரையே என் மார்புக்குத்தான் வரும். அதற்குள் கால் நீட்டிப் படுத்த மாதிரி கிடக்கும் என்னை அந்த டிரைவர் பார்த்திருப்பாரா என்ற யோசனையிலேயே லண்டன் வந்துவிட்டது.

மறுநாள் உள்ளங்கை வீங்கியிருந்தது. இந்த ஸ்டியரிங் சும்மா இருக்காது. தார் ஒட்டுப்போட்ட இடம், சாக்கடை மூடி, கோடு போட்ட பெயின்ட் எல்லாவற்றையும் கைக்குச் சொல்லிக்கொண்டே வரும். நான் பயந்து இறுக்கினேன். நாடி பார்க்கிற வைத்தியர் நோயாளியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தால் தன் நாடியைத்தான் கேட்பார். மூன்று வாரம் நான் கேட்டது என் நாடியை. நல்ல வேகம்.

நான்காவது வாரம் அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, தூறல், ஆளில்லாத ரவுண்டானா. வேகம் அப்படியொன்றும் இல்லை. பாதி வளைவில் திடீரென்று மனசுக்குள் ஏதோ சொன்னது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். மன்னார்குடியில் அம்பாசிடரில் கார் பழகிய காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்: பயம் வந்தால் காலை எடு. அம்பாசிடர் அதைக் கவனிக்கக்கூடச் செய்யாது. இந்தக் காருக்கு எஞ்சின் முதுகுக்குப் பின்னால். வளைவில் காலை எடுத்தால் பாரம் முன்சக்கரத்துக்கு ஓடுகிறது, பின்சக்கரத்துக்குப் பிடி விட்டுப்போகிறது. என்ன ஆச்சு என்று பார்க்கப் பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. கார் நின்றபோது நான் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடைபாதையில் நாயோடு நின்ற பெரியவர் "குட் மார்னிங்" என்றார். இந்த நாட்டில் இதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அப்பா நினைப்பு வந்தது. எனக்கு டிவிஎஸ் 50 ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். கடைத்தெருவில் மாடு குறுக்கே வந்தால் மாட்டைப் பார்ப்பேன், வண்டி நேராக மாட்டிடம் போகும். "மாட்டைப் பாக்காதடா, சந்தைப் பாரு" என்று பின்னால் உட்கார்ந்து கத்துவார். மாடு என்னை இரண்டு தடவை மன்னித்தது. லேசான வண்டி கண் போகிற பக்கம்தான் போகும். ஏழு சீட் வண்டியில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்ததில் எனக்கு இது மறந்தே போயிருந்தது. ரவுண்டானாவில் நான் பார்த்துக்கொண்டிருந்தது நடுவிலிருந்த விளக்குக் கம்பத்தை.

மாவுக்கு வருகிறேன். எலீஸில் டிக்கி எஞ்சினுக்குப் பின்னால், சைலன்ஸருக்கு மேலே இருக்கிறது. அதன் அர்த்தம் எனக்கு ஒரு சனிக்கிழமை புரிந்தது. கடையில் ஒரு டப்பா தோசை மாவும் கறிவேப்பிலையும் வாங்கி டிக்கியில் வைத்தேன். எம்25இல் எங்கேயோ விபத்து, ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் மூடி ஒரு மூலையில், மாவு நாலு மூலையிலும். கறிவேப்பிலை வதங்கி, தாளிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது. ஒரு மாதம் வண்டிக்குள் ஹோட்டல் சமையல்கட்டு வாசனை.

மனைவி திட்டவில்லை. டிக்கிக்குள் கையை வைத்துப் பார்த்துவிட்டு யோசனையாக உள்ளே போனாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணி. வெளியே நாலு டிகிரி. காலையில் அரைத்த இட்லி மாவு, அரைத்தபடியே குண்டானில் கல்லாகக் கிடந்தது. அடுப்பு விளக்கைப் போட்டு உள்ளே வைத்தாள், கம்பளி சுற்றினாள், அசையவில்லை. "என்னங்க," என்றாள் என்னைப் பார்க்காமல், "ஒரு ரவுண்டு போயிட்டு வர்றீங்களா?"

எவர்சில்வர் குண்டானுக்குத் தட்டு மூடி, துண்டால் கட்டி, டிக்கியில் வைத்தோம். "சிந்தக் கூடாது" என்பது மட்டும் உத்தரவு. அன்றைக்குத்தான் நான் அந்தக் காரை ஓட்டினேன். பிரேக்கைச் சடக்கென்று மிதிக்க முடியாது, கியரை வெட்டிப் போட முடியாது. முழுக் கவனமும் பின்னாலிருந்த மாவில் என்பதால் என் பயத்துக்குப் பக்கத்தில் உட்கார இடமில்லை. கை தானாகத் தளர்ந்தது. பழைய ரவுண்டானா வந்தது. கம்பத்தைப் பார்க்கவில்லை, போக வேண்டிய ரோட்டைப் பார்த்தேன், காலை எடுக்கவில்லை. கார் கோலம் இழுக்கிற மாதிரி வளைந்து போனது. நம்ப முடியாமல் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

திரும்பி வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள். துண்டை அவிழ்த்து, தட்டைத் தூக்கி மோந்து பார்த்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"இன்னும் அரை மணி நேரம் ஆகணும்" என்றாள்.

நான் இடது காலை உள்ளே விட்டு, வலது காலைக் கையால் தூக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. புடவைக் கொசுவத்தை ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, திண்டில் ஒரு கணம் உட்கார்ந்து, ஒரே வழுக்கில் சீட்டில் இருந்தாள்.

"ம், போங்க. வளைவுல பாத்து."