தண்ணியில்லாக் காட்டிலிருந்து ஒரு டிரான்ஸ்ஃபர்

ராமநாதபுரத்துக்கு டிரான்ஸ்ஃபர் என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மேலிடத்துக்கு ஆகாமல் போய்விட்டது என்று அர்த்தம். 'தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடிச்சிருவேன்' என்று சினிமாவில் மிரட்டாத வில்லன் இல்லை. தலைமைச் செயலகத்தில் அதை நினைக்காத ஆளும் இல்லை. இங்கே வந்து சேரும் அதிகாரி, பெட்டியை இறக்கும்போதே திரும்பிப் போகும் தேதியைக் கணக்குப் போடுவார். பெரும்பாலும் போயும் விடுவார்.

போக முடியாதவர்கள் மண்டபம் அகதி முகாமில் இருக்கிறார்கள்.

உலகத்தில் வேறு வகை டிரான்ஸ்ஃபரும் உண்டு. 2018 ஜூலையில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப், கனடாவின் வான்கூவர் வைட்கேப்ஸ் கிளப்பிலிருந்து 17 வயதுப் பையன் ஒருவனை வாங்கியது. பெயர் அல்போன்சோ டேவிஸ். கையில் 1.35 கோடி டாலர். ஆட்டத்தைப் பொறுத்து 2.2 கோடி டாலர் வரை போகலாம் என்று ஒப்பந்தம். அன்றைய மதிப்பில் சுமார் 150 கோடி ரூபாய். வட அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீக் அதுவரை ஒரு வீரருக்கு அப்படி ஒரு விலையைப் பார்த்ததில்லை. 2020-இல் பையன் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினான். 2022 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராக இரண்டாவது நிமிடமே கோல் போட்டான். உலகக் கோப்பையில் கனடா ஆண்கள் அணியின் முதல் கோல் அதுதான்.

விளையாட்டுப் பக்கத்துக்கு உரிய சேதி இதோடு முடிந்தது. மிச்சம் நமக்கு உரியது.

டேவிஸ் கனடாவில் பிறந்தவன் இல்லை. 2000 நவம்பர் 2-ஆம் தேதி, கானா நாட்டில் புடுபுரம் என்ற அகதி முகாமில் பிறந்தவன். (பெயரைக் கேட்டால் பரமக்குடியிலிருந்து டவுன் பஸ் போகும் ஊர் மாதிரி இருக்கிறது.) பெற்றோர் லைபீரியாவின் உள்நாட்டுப் போருக்குத் தப்பி ஓடியவர்கள். அவனுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் கனடாவுக்குப் போனது. எட்மன்டன் நகரத்தில், காசில்லாத வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளி விட்டதும் இலவசமாகப் பந்து ஆடவிடும் திட்டம் ஒன்று இருந்தது. அதில் ஆடினான். 2017 ஜூன் 6-இல் குடியுரிமை கொடுத்தார்கள். ஜூன் 13-இல் கனடா நாட்டு அணியில் இறக்கினார்கள். இடையில் ஒரே வாரம். அடுத்த ஆண்டு பயர்ன் வந்து கதவைத் தட்டியது.

இப்போது அதே பையனை மண்டபத்தில் பிறக்க வைப்போம்.

மண்டபம் முகாம் நேற்றுப் போட்ட கொட்டகை இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை அடைத்து வைத்து நோய் நொடி பார்த்து அனுப்பிய இடம். ரயில் நிலையத்தின் பெயரே 'மண்டபம் கேம்ப்'. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, அந்தத் தோட்டத் தொழிலாளர் வம்சத்தில் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். கால்பந்து வியாபாரத்தில்கூட வீரனின் கையெழுத்து இல்லாமல் டிரான்ஸ்ஃபர் செல்லாது. இந்தக் கணக்கைப் போடும்முன் ஒரு தோட்டத் தொழிலாளியிடம்கூட யாரும் கேட்கவில்லை. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது; தமிழர்களை ஏற்றிக்கொண்டு படகுகள் வந்தன. போகும்போது அடைத்த இடத்திலேயே வந்தபோதும் அடைத்தோம்.

அந்தப் படகில் வந்தவரின் பேரன் நம் பையன். மண்டபத்துப் புழுதியில், சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே இரண்டு செங்கல்லைக் கோல் கம்பமாக வைத்து ஆடுகிறான். செருப்பில்லை. பந்தை ஓங்கி உதைத்தால் புதருக்குள் போகும். போனால் முள் குத்தும். குத்தினால் அன்றைய ஆட்டம் சரி. அதனால் பந்தைக் காலை விட்டுப் பிரியாமல் கொண்டுபோகக் கற்றுக்கொள்கிறான். ஐரோப்பியப் பயிற்சியாளர்கள் இதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள். நம்மூரில் கருவேலமரம் இலவசமாகச் சொல்லித் தருகிறது.

ஆட்டம் சரி. ஆவணம்?

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியர். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தால் ஒருவர் இந்தியராக இருந்து, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இல்லாமலும் இருக்க வேண்டும். அதாவது, 1987 ஜூன் 30 இரவு பன்னிரண்டு மணிக்குள் பிரசவம் முடிந்தால் பிள்ளை இந்தியன். மருத்துவச்சி ஐந்து நிமிடம் தாமதித்தால் அந்நியன். நம் பையன் ராமநாதபுரம் மாவட்டத்தைத் தாண்டியதில்லை. ஆனாலும் வெளிநாட்டுக்காரன். தாயின் வயிற்றிலிருந்து சட்டவிரோதமாக இந்தியாவுக்குள் நுழைந்தவன்!

வரம்புக்குள் பிறந்தவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா? 1986-இல் இதே மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குச் சட்டப்படி பிறப்பிலேயே குடியுரிமை உண்டு. ஆனாலும் பாஸ்போர்ட் கிடைக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போக வேண்டியிருந்தது. 2022-இல் நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. 2024 ஏப்ரலில் திருச்சியில் முதல்முறை ஓட்டுப் போட்டார். பத்திரிகைகள் படம் போட்டுக் கொண்டாடின. சட்டம் சொன்னதை அரசு செய்ய 38 வருடம் ஆனது நமக்கு நல்ல செய்தி!

2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அண்டை நாட்டில் மதத்தின் பேரால் துன்பப்பட்டவர்களுக்கு அடைக்கலம் என்றார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான். தில்லியின் வரைபடத்தில் ஆப்கானிஸ்தான் அண்டை வீடு. தலைமன்னார் அப்படியில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்தான். எங்கள் மீனவர்களை அந்தப் பக்கத்துக் கடற்படை பிடிக்கும்போதெல்லாம் அது எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தெரிகிறது. முகாமில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்துக்கள், மிச்சம் கிறிஸ்தவர்கள். மதம் சரி. வந்த தேதியும் சரி. வந்த திசை தப்பு. (முஸ்லிம் என்றால் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அந்தக் கதவு சாத்தியதுதான். அது தனி வெட்கம்.)

2025 மே மாதம், தண்டனை முடித்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், இந்தியா ஒன்றும் தர்மசாலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தர்மசாலையைப் பற்றி ராமேஸ்வரத்துக்காரர்களிடம் கேட்டிருக்கலாம். கோயிலைச் சுற்றி எந்தத் தெருவில் திரும்பினாலும் சத்திரம். எந்த மாநிலத்து யாத்ரீகருக்கும் இடம் உண்டு. காசியிலிருந்து வருபவருக்குப் பாயும் தலையணையும். தலைமன்னாரிலிருந்து வருபவருக்குப் பதிவேடும் விசாரணையும்.

2022-இல் இலங்கையில் பொருளாதாரம் கவிழ்ந்தபோது அரிச்சல்முனைப் பக்கத்து மணல் திட்டுகளில் கைக்குழந்தைகளோடு சிலரைப் படகுக்காரர்கள் இறக்கிவிட்டுப் போனார்கள். கடலோரக் காவல் படை மீட்டு வந்தது. சேர்த்த இடம் மண்டபம். 2025 செப்டம்பரில் உள்துறை பெரிய மனது பண்ணி ஓர் ஆணை போட்டது: 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்குத் தண்டனை கிடையாது. மணல் திட்டுக் குழந்தைகள் அந்தத் தேதிக்குள் அடங்கவில்லை. அடங்கியவர்களுக்கும் கிடைத்தது இவ்வளவுதான்: நீ குற்றவாளி இல்லை, குடிமகனும் இல்லை.

மாநில அரசைச் சும்மா விடலாமா? 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். வீடு கட்டினார்கள், நல்லது. பணக்கொடையைக் கூட்டினார்கள்; குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, பிள்ளைக்கு 500. அதோடு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். பலகைக்குப் புது பெயின்ட். கேட்டில் அதே பதிவேடு, அதே ஆள் கணக்கு. கணக்கெடுக்கும் நாளில் ஆளைக் காணவில்லை என்றால் கியூ பிரிவு போலீஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கேயடா போனாய் என்றால், மேட்ச் ஆடப் போனேன் என்று சொல்லிப் பார்க்கட்டும்.

மேடையில் ஏறினால் எல்லாக் கட்சிக்கும் இவர்கள் தொப்புள்கொடி உறவு. தி.மு.க. 2004 முதல் 2013 வரை தில்லி அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தது. தொப்புள்கொடி சட்டப் புத்தகம் வரை நீளவில்லை. அ.தி.மு.க. 2019-இல் அந்தத் திருத்தத்துக்கு மாநிலங்களவையில் ஆதரவாக ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து ஈழத் தமிழருக்கு இரட்டைக் குடியுரிமை கேட்டது. திருத்தத்தைக் கொண்டுவந்த பா.ஜ.க. ராமநாதர் கோயில் பிராகாரத்தில் பக்தியோடு நடந்தது. பாம்பனில் 550 கோடிக்குப் புதுப் பாலம் திறந்தாயிற்று. கப்பல் வந்தால் நடுப்பகுதி 17 மீட்டர் மேலே எழும்பிக் கொடுக்கும். இரும்பு இறங்கி வருகிறது, ஏறிக் கொடுக்கிறது. கோப்பு அசையவில்லை.

சரி, நம் கால்பந்துக்கு ஆள் தேவையில்லையோ என்றால், தேவை தலைக்கு மேல் இருக்கிறது. 2026 உலகக் கோப்பைக்கு அணிகளை 32-லிருந்து 48 ஆக்கினார்கள். அப்போதும் நமக்கு இடமில்லை. 2025 அக்டோபரில் கோவாவில், நம் மைதானத்தில், அறுபது லட்சம் பேர் வாழும் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பையையும் தொலைத்தோம். அடுத்த மாதம் டாக்காவில் வங்கதேசத்திடம் தோற்றோம். நிர்வாகத்தின் அழகைப் பார்த்து 2022 ஆகஸ்டில் ஃபிஃபாவே நம் சம்மேளனத்தைச் சில நாள் தள்ளி வைத்தது. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். லீகையே நிறுத்தி வைத்தார்கள், ஒப்பந்தத் தகராறு. அதே ஆண்டு டிசம்பரில் கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கிய ஜனம் மெஸ்ஸியைப் பார்க்கப் போய், மெஸ்ஸியைச் சுற்றி நின்ற வி.ஐ.பி. முதுகுகளைப் பார்த்துவிட்டு நாற்காலியை உடைத்தது.

இந்த லட்சணத்தில் சம்மேளனம் வெளிநாடுகளில் ஆள் தேடுகிறது. எங்கேயாவது இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் இருக்கிறாரா? இருக்கிறார். ரயன் வில்லியம்ஸ், ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிறந்தவர், இங்கிலாந்துக் கிளப்புகளில் ஆடியவர், தாய் வழியில் இந்திய வேர். ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்தார். 2025 நவம்பரில் இந்திய பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அவர்மேல் ஒரு குறையும் இல்லை. வாழ்க. என் கேள்வி வேறு. வேர்தான் வேண்டுமென்றால், முகாம்களில் இருக்கும் மலையகக் குடும்பங்களின் பூட்டன்கள் திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் இதே மண்டபம் வழியாகப் போனவர்கள்தான். பெர்த் வரை போய் வேரைத் தோண்டுகிறவர்களுக்கு மண்டபம் ஸ்டேஷனில் இறங்க நேரமில்லை. 2008-இலிருந்து விதி ஒன்றுதான்: இந்திய பாஸ்போர்ட் இருந்தால்தான் இந்திய அணி. நம் பையன் நாளைக்கு டேவிஸாகவே ஆடினாலும் இந்தியச் சட்டையைப் போட முடியாது. எந்த ஐரோப்பியக் கிளப்பாவது ஆட்டம் காட்டக் கூப்பிட்டாலும் நீட்டுவதற்கு ஒரு பாஸ்போர்ட் இல்லை.

ஃபிஃபா விதியில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. ஒரு வீரன் வேறு நாட்டுக்கு விலைபோனால், 12 முதல் 23 வயது வரை அவனை வளர்த்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் 5 சதவீதம் பிரித்துத் தர வேண்டும். நாம் என்ன வளர்த்தோம் என்று உரிமை கோருவது? வரிசையில் நிற்கப் பழக்கினோம். கைநாட்டு வைக்கப் பழக்கினோம். அதற்கு ஃபிஃபாவில் தனிப் பத்தி இல்லை.

கனடாவைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. 1986-இல் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்ப்படகுகளில் மிதந்த 150-க்கும் மேற்பட்ட தமிழர்களைக் கரையேற்றி ஏற்றுக்கொண்ட அதே நாடு, 2010-இல் 492 தமிழர்களோடு வந்த சன் சீ கப்பலைக் கண்டு அலறி எல்லோரையும் உள்ளே தள்ளியது. அங்கேயும் அரசியல்வாதி அரசியல்வாதிதான். ஆனால் 1983-இல் பத்து வயதுப் பிள்ளையாக இலங்கையை விட்டுப் போன கெரி ஆனந்தசங்கரி, 2025 மே மாதம் அந்த நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். எல்லைக் காவலே அவர் துறை. அதே 1983-இல் அவர் வயதில் பாக் நீரிணையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த பிள்ளைக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆள் கணக்கு எடுக்கும் நாளில் வரிசையில் நிற்கிறார்.

இதெல்லாம் சிக்கலான சர்வதேச விவகாரம், அவசரப்பட முடியாது என்பார்கள். 2019-இல் அந்தக் குடியுரிமைத் திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது டிசம்பர் 9. மாநிலங்களவை கை தூக்கியது 11. குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டது 12. மொத்தம் நான்கு நாள். அதில் 'இலங்கை' என்று ஒரு சொல்லைச் சேர்க்க அதற்குமேல் ஆகாது. அடுத்த தேர்தலுக்கு மைக்கைப் பிடித்துத் தொப்புள்கொடி என்று தொடங்கும் வேட்பாளர் எந்தக் கட்சியானாலும், அந்த நான்கு நாளை எப்போது தருவீர்கள் என்று கேளுங்கள். தேதி சொல்லும்வரை கை தட்டாதீர்கள்.