கார்த்தூக்கியம்: மூலமும் உரையும்

யானைக்குத் தமிழில் நூல் உண்டு, குதிரைக்கும் உண்டு, பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பது பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் அச்சாகிறது. வீட்டு கராஜில் காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டுக்கு மட்டும் ஒரு நூல் இல்லை. அக்குறை போக்க எழுந்தது இது. மூலம் செய்தவனும் உரை கண்டவனும் ஒருவனே. ஆகவே ஏடு சிதைந்துவிட்டது, பாடபேதம் இருக்கிறது என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க வழியில்லை.

பாயிரத்துக்கு எட்டு உறுப்பு வேண்டும் என்பது மரபு. இங்கே மூன்று போதும். எல்லை: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் புறநகர், வடக்கே ஃபிரிஸ்கோ, தெற்கே இர்விங், இடைப்பட்ட ஊர்களில் தமிழ் பேசும் வீடுகளுக்கும் குறைவில்லை. கேட்போர்: இரவு பதினொரு மணிக்கு மேல் லிஃப்ட் வீடியோ பார்ப்பவர்கள். பயன்: அவர்கள் தூங்கப் போவது.

இக்கருவியின் முதல் ஆசிரியர் மெம்ஃபிஸ் நகரத்து பீட்டர் லுனாட்டி. முடிதிருத்தும் கடை நாற்காலி எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்து, ஆளைத் தூக்குவது காரைத் தூக்காதா என்று யோசித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1925-ல் ரோட்டரி லிஃப்ட் கம்பெனி பிறந்தது. தரைக்குள்ளிருந்து ஒற்றை உருளை எழுந்து காரின் வயிற்றைத் தாங்கும் அந்த வடிவத்தைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் அம்பாசிடர் ஒன்று ஒற்றைக் காலில் தவம் செய்ய, கீழே அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக ஒருவர் குழாயைப் பிடித்துச் சேற்றை அடித்துக்கொண்டிருப்பாரே, அதுதான். லுனாட்டிக்கும் முந்திய குரு 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் பாஸ்கல். அடைபட்ட திரவத்தில் சிறு பரப்பில் கொடுக்கும் அழுத்தம் பெரிய பரப்பில் பெரும் விசையாகும் என்று சொன்னவர். கார் இல்லாத காலம் ஆதலால் அதோடு நிறுத்திக்கொண்டார்.

இனி நூலுக்கு வருவோம்.

இருதூண் நாற்றூண் என்றிரு பகுதிய
ஒருகார் தூக்கும் கருவி தானே.
கத்தரித் தூக்கியும் கடிவரை இலவே.

இது என் நுதலிற்றோ எனின், லிஃப்டின் வகை கூறுதல் நுதலிற்று. இருதூண் என்பது வழக்கில் டூ போஸ்ட். இரண்டு தூண்களிலிருந்தும் இரண்டிரண்டு கைகள் நீண்டு காரின் சட்டத்தைப் பிடித்துத் தூக்கும். சக்கரம் நான்கும் அந்தரத்தில் தொங்கும். பிரேக், சஸ்பென்ஷன், டயர் வேலைக்கெல்லாம் ஏற்றது. ஆனால் தூண்களைத் தரையோடு போல்ட் போட்டு முறுக்கியாக வேண்டும். நாற்றூண் என்பது ஃபோர் போஸ்ட். அதில் கார் தன் சக்கரத்தின் மேலேயே நின்று பலகையோடு உயரும். பெரும்பாலும் போல்ட் தேவையில்லை. உருளைகள் பூட்டினால் வெறும் லிஃப்டைத் தள்ளிக்கொண்டும் போகலாம். மேலே ஒரு கார், கீழே ஒரு கார் என்று அடுக்க இதுவே வழி. ஆனால் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால், தூக்கிய காரை லிஃப்டின் மேலேயே இன்னொரு ஜாக் வைத்து மறுபடி தூக்க வேண்டும். இருதூண் சமயத்தார் மற்றவரைப் பார்த்து, ‘நீங்கள் வாங்கியது அலமாரி’ என்பார்கள். நாற்றூண் சமயத்தார், ‘நீங்கள் வாங்கியது ஆபத்து’ என்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால் வாதம் ஓயவில்லை.

கத்தரித் தூக்கி என்றது கத்தரிக்கோல் போல மடிந்து விரியும் வகையை. அது புறனடை. காரின் நடுவயிற்றை அதுவே அடைத்துக்கொள்ளும் என்பதால் உரையாசிரியனும் அதைக் கடந்து செல்கிறான்.

இனி, எதற்காக லிஃப்ட் என்னும் கடா. எண்ணெய் மாற்ற என்பது வாங்குபவர் தரும் விடை. அது பொருந்தாது. லிஃப்டுக்கு ஆகும் சில ஆயிரம் டாலரை, ஆண்டுக்கு இரண்டு முறை எண்ணெய் மாற்றும் கூலியால் வகுத்தால் ஈவு பேரப்பிள்ளைகள் காலத்தில் வந்து நிற்கும். மெக்கானிக் கூலி அங்கே மணிக்கு நூறு டாலரைத் தாண்டும், ஆகவே கட்டுப்படியாகும் என்பார் ஒரு சாரார். அது வாரந்தோறும் கார் கெட்டுப்போகும் வீட்டுக்கே பொருந்தும்.

மெய்யான காரணம் வேறு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள் அந்தப் பகுதியில் 32 குடும்பங்களின் வீட்டுப் பொருள்களை எண்ணி, படம் எடுத்து, 2012-ல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட கராஜ்களில் முக்கால் பங்கில் கார் விட இடமில்லை. பெட்டிகள், பழைய சைக்கிள், கிறிஸ்துமஸ் மரம், இன்னும் பெட்டிகள். கார் வெளியே வெயிலில் நின்றது. இந்தக் கூட்டத்துக்கு லிஃப்ட் என்பது பழுதுபார்க்கும் கருவியே அல்ல. காற்றில் கிடைக்கும் மனை. காரை மேலே ஏற்றிவிட்டால் தரை மிச்சம். மிஞ்சிய தரையில் என்ன வரும்? பெட்டிகள் வரும். பெட்டிகள் வந்தபின் காரை இறக்க முடியாது. கார் இருக்கிறது, கராஜுக்குள்ளேயே இருக்கிறது, ஓட்டத்தான் முடியாது என்னும் நிலை இதன் பயனாகக் கொள்ளப்படும்.

முகடே தளமே கதவே மின்னென
நான்கும் நோக்கி நாட்டுக தூணே.

இதுவே நூலின் உயிர்நிலை. லிஃப்ட் நிறுத்துவது என்றால் லிஃப்டுக்காக வீட்டை மாற்றுவது என்பதை இந்நூற்பா கூறாமல் கூறுகிறது. ‘நோக்கி’ என்ற வினையெச்சம் ‘நாட்டுக’ என்பதற்கு முன்னால் நிற்பதைக் காண்க. உலக வழக்கிலோ முதலில் நாட்டுவதற்கு வாங்கிவிடுகிறார்கள், பிறகு நோக்குகிறார்கள்.

முகடு முதலில் வைக்கப்பட்டது, மாற்றுவதற்கு அரியது ஆதலால். அமெரிக்க வீட்டு கராஜின் சீலிங் பழைய வீடுகளில் 8 அடி, புதியவற்றில் 9 அல்லது 10. ஒரு டொயோட்டா கேம்ரியின் உயரம் 4 அடி 9 அங்குலம். லிஃப்டின் கைகள் பிடிக்கும் இடத்திலிருந்து அதன் கூரை வரை ஏறக்குறைய 4 அடி 3 அங்குலம் என்று கொள்வோம். அடியில் ஆள் நிமிர்ந்து நிற்கக் கைகள் 6 அடி உயரவேண்டும். கூட்டினால் 10 அடி 3 அங்குலம். பத்தடி வீட்டுக்காரர் கொஞ்சம் கழுத்தைச் சாய்த்துச் சமாளிப்பார். 9 அடி சீலிங்கில் கார் நாலரை அடியில் நின்றுவிடும், குனிந்தே வேலை. 8 அடியில் மூன்றரை அடி. முக்காலி போட்டு உட்காரலாம். நிமிர்ந்து நிற்பதற்காகச் சில ஆயிரம் டாலர் கொடுத்தவர் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் காட்சி இவ்வியலின் மெய்ப்பாடு, சுவை நகை.

இரண்டு காரை அடுக்குபவர் கணக்கு வேறு. 57 அங்குலம், 57 அங்குலம், நடுவே பலகைக்கு 6 அங்குலம், ஆக 120. சரியாகப் பத்தடி. இதில் விரல் நுழைய இடம் இல்லை. கீழே எஸ்யூவி நிறுத்தப் போகிறவர் கூட்டலைத் தாமே செய்துகொள்க.

தூணின் உயரமும் இதில் சேரும். கேபிளும் எண்ணெய்க் குழாயும் தலைக்கு மேலே குறுக்குச் சட்டம் வழியாகப் போகும் வகை கிட்டத்தட்ட 12 அடி வேண்டும். தாழ்ந்த சீலிங்குக்கு, அவற்றைத் தரையோடு ஒரு தகட்டுக்கு அடியில் கொண்டுபோகும் வகை ஒன்பது, ஒன்பதரை அடித் தூணோடு கிடைக்கிறது. முதல் வகையில் காரின் கூரை மேல் சட்டத்தைத் தொட்டால் மோட்டார் தானாக நின்றுவிடும். இரண்டாம் வகையில் மேலே சட்டமே இல்லை. அங்கே எச்சரிக்கை தருவது சீலிங்.

அடுத்து தளம். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் கேட்பது குறைந்தது 4 அங்குல கனம், 3,000 பிஎஸ்ஐ வலிமையுள்ள கான்கிரீட். புதிதாகப் போட்டதென்றால் 28 நாள் ஆறவேண்டும். கராஜ் தரை பெயருக்கு 4 அங்குலம். துளைத்துப் பார்த்தால் குறைந்திருப்பதும் உண்டு. விரிசலுக்கும் ஓரத்துக்கும் அருகே போல்ட் கூடாது. தரையில் சிந்துவது கதவுப் பக்கம் ஓடவேண்டும் என்று கட்டட விதியே சாய்வு கேட்பதால், எந்த கராஜ் தரையும் மட்டமாக இராது. தூணின் அடியில் சிறு தகடுகள் செருகி நேர் நிறுத்த வேண்டும். நூல்குண்டு என்ற பழைய கருவிக்கு இங்கே மறுவாழ்வு.

மேலே சொன்ன எல்லைக்குள் இருப்பவர்கள் அடுத்த வாக்கியங்களை இருமுறை படிக்கவும். இதில் விளையாட்டு இல்லை. டாலஸ் வட்டாரத்துக் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதைத் தாங்கவே அங்கே பல வீடுகளின் தரைக்குள் எஃகுக் கம்பிவடங்களை வைத்துக் கான்கிரீட் போட்டு, அது இறுகியபின் வடங்களை இழுத்து விறைக்கச் செய்கிறார்கள். போஸ்ட் டென்ஷன் என்று பெயர். ஒவ்வொரு வடத்திலும் பத்து டன்னுக்கு மேல் இழுவிசை இருக்கும். பெரும்பாலும் கராஜ் வாசலருகே சிமெண்டிலேயே ‘துளையிடாதே, வெட்டாதே’ என்று முத்திரை குத்தியிருக்கும். டிரில் பிட் அந்த வடத்தைத் தொட்டால், அறுந்த வடம் தரையைப் பிளந்துகொண்டு வெளியே வரலாம். வடம் எங்கே ஓடுகிறது என்று ரேடாரால் பார்த்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடாமல் போல்ட் போடுபவருக்கு இந்நூலில் பிராயச்சித்தம் சொல்லப்படவில்லை.

கதவு எளிது போலத் தோன்றும். கராஜ் கதவு மேலே ஏறி சீலிங்குக்குக் கீழே படுத்துக்கொள்ளும் இனம். கார் போய் நிற்க வேண்டிய அதே ஆகாயத்தில். காரை உயர்த்தியது நினைவில்லாமல் வெளியிலிருந்து ரிமோட்டை அமுக்கினால் கதவும் காரும் சந்திக்கும். தண்டவாளத்தைச் சீலிங்கை ஒட்டி உயர்த்தி, நடுவில் தொங்கும் மோட்டாரை எடுத்துவிட்டுச் சுவரோரம் பூட்டும் மோட்டார் வைப்பது தீர்வு. கதவின் ஸ்பிரிங்கை மட்டும் தாமே கழற்ற முயலாதீர்கள்.

மின் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு குதிரைத்திறன் மோட்டார் 220 வோல்ட் கேட்கும். அமெரிக்க வீட்டுச் சாதாரண பிளக்கில் 120-தான் வரும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள்.

இனித் தருக்க இயல். லிஃப்ட் வீடு வந்து சேர்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 10,000 பவுண்டு தூக்கும் இருதூண் லிஃப்ட், ஏறத்தாழ 700 கிலோ எடையுள்ள ஒரே கட்டாக லாரியில் வரும். லாரியின் வாலில் டிரைவரின் கடமை முடிந்தது. நம்மூராக இருந்தால் தெருமுனைக்குப் போய் நாலு பேரைக் கூட்டி வரலாம். ஃபிரிஸ்கோவில் தெருமுனையில் ஆள் இருப்பதில்லை. ஆகவே தூக்கியைத் தூக்க இன்னொரு தூக்கி வேண்டும். அதை இறக்க மற்றொன்று. இவ்வாறு முடிவின்றிச் செல்வது அனவத்தைக் குற்றம் ஆகாதோ எனின், ஆகாது. எஞ்சின் தூக்கும் சிறு கிரேன் வாடகைக்குக் கிடைக்கும். அது மடித்து வைக்கத் தக்கது. கைப்பிடியை அடித்தே உயர்த்துவது. சங்கிலி மனிதக் கையில் வந்து முடிகிறது. அந்தக் கைகள் நண்பர்களுடையவை. கூலி பீட்சா.

இன்னொரு கேள்வி. கேம்ரியின் எடை ஒன்றரை டன் சொச்சம். நாலரை டன் தூக்கும் லிஃப்ட் எதற்கு? பிற்காலத்தில் பெரிய வண்டி வாங்குவோம் என்பது வழக்கமான விடை. இந்த இடத்தில் மட்டும் உரையாசிரியன் வாங்குபவர் கட்சி. தலைக்கு மேல் நிற்கும் பொருளில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 1945-ல் ஏற்பட்ட ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிடியூட்டின் சான்று முத்திரை தூணில் இருக்கிறதா என்று பார்ப்பதும் சிக்கனத்தில் சேராது.

தூக்கும் முறையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். முன்சக்கர இழுவை வண்டியில் எடை முன்பக்கமே அதிகம். அதைக் கணக்கில் வைத்துக் கைகளைப் பொருத்த வேண்டும். சக்கரம் தரையைவிட்டு விரற்கடை எழுந்ததும் நிறுத்தி, பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். அசைந்தால் இறக்கி மறுபடி பொருத்துங்கள். அசையாவிட்டால் உயர்த்துங்கள். தூணுக்குள்ளிருந்து டக், டக் என்று பூட்டுகள் விழும் சத்தம் வரும். தேவையான உயரம் தாண்டியதும் சற்றே இறக்கி, எடை முழுவதையும் அந்த இரும்புப் பூட்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். எண்ணெய் தூக்குவதற்கு, தாங்குவதற்கு இரும்பு. பூட்டில் உட்காராத காருக்கு அடியில் தலையைக் கொடுப்பவர் கேட்போர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்.

ஆக, ஃபிரிஸ்கோ வாசகர் இன்றிரவே செய்யத்தக்கது ஒன்று. லிஃப்ட் விற்கும் பக்கத்தை மூடிவிட்டு, இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள். தரை முதல் சீலிங் வரை அளந்து பாருங்கள். கதவு திறந்திருக்கும்போது ஒருமுறை, மூடியிருக்கும்போது ஒருமுறை. பத்தரை அடிக்கு மேல் வந்து, வாசலில் அந்த முத்திரையும் இல்லையென்றால் தாராளமாக இருதூண். பத்தடிக்கு மேல் வந்து, இரண்டு குட்டைக் கார்களும் இருந்தால் நாற்றூண். எட்டடி என்று வந்தால் ஒரு நல்ல ஜாக்கும் நான்கு ஸ்டாண்டும் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் தரையில் படுத்தே வேலை பாருங்கள்.